ஐயாவின் உதடு

குத்தாலத்து ராஜராஜன் ஒன்றியக் கவுன்சிலர் பதவியை விட்டு இறங்கிப் பல வருடமாகிறது. ஃப்ளெக்ஸை விட்டு இன்னும் இறங்கவில்லை. மருமகள் ஜெயபாரதியின் வளைகாப்புக்கும் கடைத்தெரு முனையில் ஒன்று வைத்தார். கைகூப்பியபடி அவர், அவருடைய தம்பிகள், மச்சான்கள், சம்பந்தமே இல்லாத ஒரு நெல் வியாபாரி. நடுவே ஒளிவட்டத்துக்குள், ஸ்கேனில் எடுத்த சிசுவின் முகம். 'வருக, டெல்டாவின் விடிவெள்ளியே!' வளைகாப்புக்காரியின் படத்துக்குத்தான் இடம் போதவில்லை.

ஸ்கேன் படத்தை அவளைக் கேட்காமலே பீரோவிலிருந்து எடுத்துப் போயிருந்தார். அதில் மேலுதடு ஒரு பக்கம் பிளந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஜெயபாரதிக்குத் தெரியும். மாதக் கணக்கில் கணவனைத் தவிர யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

ஸ்கேன் டாக்டர் ஷமீராதான் திரையில் காட்டினார்.

"முகம் ஒரே துண்டா வர்றதில்லம்மா. மூக்குக்குக் கீழ நடுவுல ஒண்ணு, ரெண்டு கன்னத்துப் பக்கத்துலேர்ந்தும் ஒவ்வொண்ணு, வளந்து வந்து ஒட்டணும். ஏழாவது வாரத்துல எல்லாம் முடிஞ்சிடும். இங்க இடது பக்கம் ஒட்டல. பொறந்து சில மாசத்துல தச்சிடலாம். நீங்க எதுவும் செஞ்சதால வந்ததில்ல."

ஏழாவது வாரம். லீவு முடிந்து கணவன் தமிழரசன் கத்தாருக்குத் திரும்பியிருந்தான். நாள் தள்ளியிருப்பதை அவள் நம்பத் தொடங்கியதே அப்போதுதான். அதற்குள் உள்ளே ஒரு முகம், ஒட்டியது ஒட்டாதது எல்லாமாக, தன் வேலையை முடித்துக்கொண்டிருந்தது.

"அப்பாகிட்ட இப்ப சொல்லாத. நான் வந்து சொல்லிக்கிறேன்," என்றான் அவன் போனில். எப்போது வருவான் என்பதைச் சொல்லவில்லை.

வளைகாப்பன்று ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். பிளவைக் காணோம். அந்த இடத்தில் தடித்த, ஓரம் இறங்கிய, மைக் பிடித்துப் பழகிய ஓர் உதடு.

"பிரிண்ட்ல ஏதோ கோடு விழுந்திருந்துச்சுக்கா," என்றான் ஃப்ளெக்ஸ் கடை மதிவாணன். "ஐயாவோட உதட்டையே எடுத்து வச்சிட்டேன். மீசைய மட்டும் அழிச்சேன்."

வந்தவர்களெல்லாம் "அப்படியே ஐயா வாய்" என்றார்கள். ஐயா அடக்கமாக இருக்க முயன்று தோற்றார்.

வளையல்கள் முழங்கை வரை ஏறின. நாளைக்குப் பிள்ளையைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் இந்த வாயைத்தான் தேடுவார்கள். கன்னத்தில் சந்தனம் காயும் முன் எழுந்துபோய் மாமனாரைத் தனியே அழைத்தாள்.

"மாமா, அது புள்ளையோட உதடு இல்ல. புள்ளைக்கு மேலுதடு ஒட்டல. பொறந்ததும் ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க."

"அதான் சரி பண்ணியாச்சேம்மா."

"ஃப்ளெக்ஸ்ல, மாமா."

எந்தக் கூட்டத்திலும் பேச்சுக்குத் தடுமாறாதவர், தோளில் கிடந்த துண்டை இரண்டு முறை மடித்தார்.

"தையல் போட்டு ஆறுனப்புறம் தூக்கிட்டு வா. அதுவரைக்கும் உங்கண்ணன் வீட்லயே இரு. போட்டோ கீட்டோ யாருக்கும் அனுப்பாத," என்றவர், "பந்தியில ரசம் வரலங்கிறாங்க" என்று நகர்ந்துவிட்டார். ரசம் வந்துகொண்டுதான் இருந்தது.

சாயங்காலம் அண்ணனின் காரில் பூதலூருக்குக் கிளம்பினாள். விஷயத்தைக் கேட்ட அண்ணன் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தான். கும்பகோணம் தாண்டியதும், போனிலிருந்த உண்மையான படத்தை ஸ்டேட்டஸில் போட்டு, கீழே 'எங்க புள்ள' என்று எழுதினாள்.

காலை வணக்கத்துக்கெல்லாம் கட்டைவிரல் அனுப்புகிற சொந்தம் அது. தஞ்சாவூர் வருவதற்குள் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். முதலில் பார்த்தவன் தமிழரசன். ஒருவரிடமிருந்தும் ஒரு விரல்கூட வரவில்லை.

அவள் படத்தை எடுக்கவில்லை.