கத்தாழை கத்தும் இடம்

சுனாமி அலை வந்து மூன்றாவது வருஷம், மாசி மாதம், கஞ்சாவை என்ன செய்வது என்று குப்பத்துப் பஞ்சாயத்து கூடியது. யாரால் கூடியது என்பது எல்லாருக்கும் தெரியும். மணிவேலால். அவன் வரவில்லை. அவன் அண்ணன் தங்கப்பன்தான் வந்து, புதுச் சமூகக்கூடத்தின் தூணோரம் தலையைக் குனிந்து குந்தியிருந்தான்.

பாலகுரு எடுத்த எடுப்பிலேயே சத்தம் போட்டான். மணிவேல் மீன் பிடிக்கப் போகிற பைபர் படகு அவனுடையது.

"காரைக்கால்ல திரும்புன பக்கமெல்லாம் சாராயக்கடை. சர்க்காரே லைசென்சு குடுக்குது. குடிச்சு வயிறு வீங்கிச் செத்தவன் பேரையெல்லாம் சொல்லட்டுமா? கஞ்சா இழுத்துச் செத்தவன் ஒருத்தனைக் காட்டுங்க பாப்பம். பீடிக்குள்ள ஒரு சிட்டிகை. இதுக்கு ஒரு பஞ்சாயத்தா?"

"போலீசு வந்தா உன் பீடியா வந்து ஜாமீன் எடுக்கும்?" என்றார் தலைவர் நடராசன்.

"இழுக்குறவன் வேலைக்கு ஆவமாட்டான்யா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"உன் மச்சான் இழுக்காமலே ஆவலியே!" என்று திரும்பினான் பாலகுரு.

கூடம் சிரித்தது. வாசலில் மீன்கூடையோடு நின்ற சொர்ணாம்பாள் சிரிக்கவில்லை.

"குடிச்சவன் அடிப்பான், உதைப்பான், விடிஞ்சா கால்ல விழுவான். அது எங்களுக்குப் பழக்கம். இந்த மணிவேலுப் புள்ளை யாரையும் அடிக்கலை. வெறும் எடத்தைப் பாத்துச் சிரிக்குது. நேத்து மீனு எடுக்கப் போனா, 'தள்ளி நில்லு அத்தை, பாப்பா காலை மிதிச்சிடாதே'ங்குது. ஒடம்பே ஆடிப்போச்சு எனக்கு. மீனு வருதுன்னுதானே நீங்கள்லாம் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்க?"



மணிவேலின் காது அப்படி. நடுக்கடலில் என்ஜினை நிறுத்திவிட்டு, துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியில் காதை வைப்பான். கத்தாழை மீன் கூட்டம் அடியில் இருந்தால் தவளை கத்துகிற மாதிரிச் சத்தம் துடுப்பு மரத்தில் ஏறி வரும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கை காட்டுவான், வலை இறங்கும். அந்த வித்தை முன்பும் நாலு பேருக்கு இருந்தது. ஆனால் இப்போது மணிவேல் புகைத்துவிட்டுக் காது வைத்தால், மீன் இருக்கவே இருக்காது என்று மற்றவர்கள் விட்ட இடத்தில் வலை கிழிய ஏறியது. அங்கே கேட்பது மீன் சத்தமில்லை என்றான் அவன். அலையில் போன அவன் மகள் காவ்யா பேசுகிறாள் என்றான். அவள் இருக்கும் இடத்தில்தான் மீன் கூடுகிறதாம்.

தங்கப்பன் தலை நிமிராமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அந்த முதல் சிட்டிகை அவன் கொடுத்தது. பெண்டாட்டி சந்திராவையும் பிள்ளையையும் ஒரே காலையில் பறிகொடுத்த மணிவேல் பதினோரு நாள் கண் மூடவில்லை. கரையோரத்து முனீஸ்வரனுக்குச் சுருட்டு, சாராயத்தோடு ஒரு பொட்டலம் கஞ்சாவும் படைப்பார்கள். படைத்ததை மனுஷன் தொடுவதில்லை, காற்றும் மழையும் கொண்டுபோகும். தங்கப்பன் தொட்டான். பீடியில் அடைத்துத் தம்பி வாயில் வைத்தான். மணிவேல் இரண்டு நாள் தூங்கினான். எழுந்ததும் கேட்ட முதல் வார்த்தை, "இன்னும் இருக்காண்ணே?"

பஞ்சாயத்து கடைசியில் ஒரு முடிவு சொன்னது. கரையில் யார் இழுத்தாலும் அபராதம். கடலில், போட்டுக்குள் நடப்பதைப் பஞ்சாயத்து கேட்காது.

பாலகுரு மீசையைத் தடவிக்கொண்டான்.

மறுநாள் போட்டைக் கடலில் தள்ளும்போது தங்கப்பனும் ஏறினான். ஏறுமுன் தம்பியின் கையைப் பிடித்தான். எலும்புதான் கையில் தட்டியது.

"நான் இன்னைக்கு வெறும் வாயோட காது வைக்கிறேன். எனக்கும் கேட்டுச்சுன்னா நீ எவ்வளவு வேணா இழு, நான் குறுக்க வரலை. கேக்கலைன்னா அது உன் புள்ளை இல்ல, கஞ்சா பேசுது. அதோட விட்டுடணும்."

மணிவேல் குனிந்து கடல் தண்ணீரை அள்ளிச் சத்தியமாக அண்ணன் கையில் ஊற்றினான். "சரிண்ணே. உனக்குக் கேக்கும் பாரேன்."

பத்து மணி வெயில். திருவேட்டக்குடி கரை கோடாகத் தெரிந்தது. மணிவேல் சொன்ன இடத்தில் என்ஜின் நின்றது. காற்று இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. ஒரு கடல்காக்கையும் பறக்கவில்லை. தங்கப்பன் துடுப்பை இறக்கிக் காதை வைத்தான்.

முதலில் ஒன்றுமில்லை. அவன் மூச்சுதான். பிறகு வெகு ஆழத்தில் கத்தாழை, கர் கர்ரென்று, ஆயிரக்கணக்கில். அப்புறம் அவை எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

"பெரியப்பா."

மரத்துக்குள்ளிருந்து வந்தது. ஈரமாக, பக்கத்தில், சோறு வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற பிள்ளையின் குரலில்.

"பெரியப்பா, அப்பாவ வரச் சொல்லுங்க. அம்மா கூப்புடுது."

தங்கப்பன் துடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவன் எதையும் இழுத்திருக்கவில்லை. காலையில் ஒரு டீகூடக் குடிக்கவில்லை. பாலகுரு வலையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தான். மணிவேலும் பார்த்தான், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையைப் பார்க்கிற தகப்பனைப் போல ஆசையாக.

"என்னண்ணே, கேட்டுச்சா?"

"அப்பாவ வரச் சொல்லுங்க" என்றது துடுப்பு.

தங்கப்பன் காதை எடுத்தான்.

"ஒண்ணுமில்லடா. வெறும் தண்ணிச் சத்தம்."

"கத்தாழைகூடவா இல்ல?" என்றான் பாலகுரு.

"இல்ல."

மணிவேல் துடுப்பையே பார்த்தான். பிறகு மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துத் தண்ணீரில் விட்டான். அது மிதந்தது. பாலகுரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். அது காதில் விழாதவன்போல மணிவேல் கேட்டான்: "அப்ப அவ போயிட்டாளாண்ணே?"

"அன்னைக்கே போயிட்டா. அழுதுடு."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பி அழுதான். வாய்விட்டு, போட்டின் விளிம்பில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். தங்கப்பன் ஒரு கையால் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்தான். மற்றக் கையில் துடுப்பு இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது. காதை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தான். துடுப்பின் அதிர்வில் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அப்பாவை இல்லை, பெரியப்பாவை.

"பாலகுரு, என்ஜினைப் போடு" என்றான். "போடுய்யா, போடு!"