முள் எதிர்ப்பக்கம் ஓடிய ரேடியோ

ரேடியோ கிளப்பில் எல்லோரும் அவளைப் பல் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலும் அதுதான், குணமும் அதுதான். ஒருவர் வாயைப் பிளந்து காட்டினாலும், கண்ணாடி விட்டுப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டாள். நீளக் காம்பு வைத்த அந்தச் சின்னக் கண்ணாடி எந்நேரமும் கைப்பையில் கிடக்கும். பழைய ரேடியோக்களின் முதுகுப் பலகை இடுக்கில் விட்டுப் பார்க்க அதைவிடத் தோதான சாமான் கிடையாது.

அன்றைக்குக் கிளப் மொத்தமும் வேன் பிடித்து, ஒருவர் தன் வீட்டு மாடியில் வைத்திருந்த ரேடியோ மியூசியத்துக்குக் கிளம்பியிருந்தது. மற்றவர்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். அவள் போனது துப்புத் துலக்க. அப்பா இறந்த அன்று, அவர் வீட்டு அலமாரி மேல் எப்போதும் இருக்கும் வால்வு ரேடியோவைக் காணவில்லை. தம்பிதான் விற்றிருப்பான் என்று அவள் அடித்துச் சொன்னாள். அவன் இல்லவே இல்லை என்றான். வாய்ப்பேச்சு முற்றி, முகத்தில் முழிப்பதில்லை என்றாகி, அவன் கல்யாணத்துக்குக்கூட அவள் போகவில்லை. இந்தப் பக்கத்தில் பழைய ரேடியோ எது கைமாறினாலும் கடைசியில் அந்த மாடிக்குத்தான் போய்ச் சேரும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அங்கே அது இருந்தால், விற்றது யார் என்று தெரிந்துவிடும். அதன்பிறகு தம்பியை ஒரு பிடி பிடிக்கலாம்.

வேனில் கிளப் தலைவர் அவள் பக்கம் திரும்பினார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வார்.

"மியூசியக்காரர் போன்ல உங்களத்தான் விசாரிச்சார். கிளப்ல ஒரு பல் டாக்டர் இருக்காங்களாமே, வராங்களான்னு ரெண்டு தரம் கேட்டார். பல்லு வலி போல."

முன்பின் தெரியாத ஆளுக்குத் தன்னைப் பற்றி என்ன விசாரணை? அவளுக்குச் சுருக்கென்றது.

மியூசியக்காரர் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். மெலிந்த உடம்பு, இஸ்திரி கலையாத சட்டை. அறை அறையாகக் கூட்டிப்போய் நன்றாகத்தான் விளக்கினார். ஆனால் பேச்சு எல்லோரிடமும் இருந்தது, கண் மட்டும் அவள் மேலேயே இருந்தது. அவள் பார்த்தால் உடனே வேறு பக்கம் போனது. கடைசி அறை வாசலில் ஒரு திரை தொங்கியது.

"உள்ள ஒண்ணுமில்ல. உடைஞ்ச சாமான் போட்டு வச்சிருக்கேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

உடைந்த சாமானுக்குப் புதுத் திரை எதற்கு? எல்லோரும் டீக்குப் போனதும் அவள் திரையை விலக்கி உள்ளே நுழைந்தாள்.

மேஜை மேல் துணி போர்த்திய பெட்டி ஒன்றுதான் இருந்தது. துணியை உருவினாள். அதே தேக்குப் பெட்டி, அதே தங்க நிற வலைத்துணி. ஆனால் அந்த மாடல் ஆயிரம் பேர் வீட்டில் இருந்திருக்கும். குமிழை வலது பக்கம் திருப்பினாள். முள் இடது பக்கம் ஓடியது.

சந்தேகமே இல்லை, அப்பாவுடையதுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, முள்ளை இழுக்கும் டயல் கயிறு அறுந்துபோய், அவளே அதை மாற்றினாள். முள்ளைக் கயிற்றின் மேல் வரியில் மாட்டுவதற்குப் பதில் கீழ் வரியில் மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து முள் எதிர்ப்பக்கம் ஓடியது, எந்த நிலையமும் எழுதிய இடத்தில் கிடைக்கவில்லை. அப்பா அதைத் திருத்தவே விடவில்லை. தலைகீழாகத் தேடியே பழகிக்கொண்டார்.

"தொடக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கேனேம்மா." பின்னால் மியூசியக்காரர் நின்றார்.

"இது எங்க அப்பாவோடது. யார் வித்தாங்க?"

"உங்க தம்பி."

கேட்க வந்தது இதைத்தான். ஆனாலும் பதில் கேள்விக்கு முன்பே தயாராக இருந்ததுபோல் வந்தது. தனக்குத் தம்பி இருப்பதை அவள் சொல்லவே இல்லையே. மிட்டாய் தின்பதே இல்லை என்று சாதிக்கும் நோயாளியைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"அவன்தான்னு அவ்வளவு நிச்சயமா?"

"நல்லா ஞாபகம் இருக்கு. அந்த நாற்காலியிலதான் உக்காந்தார். முள்ளு தப்பாப் போகுதே, சரி பண்ணிடவான்னு கேட்டேன். ஐயோ வேணாம், அது எம் பொண்ணு கட்டுன கயிறு, யாரையும் கை வைக்க விட்டுடாதீங்கன்னு..."

நிறுத்திக்கொண்டார்.

"எம் பொண்ணுன்னா சொன்னான் எந்தம்பி?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குப் பொய் சொல்ல வராதும்மா. அதான் மூடி வச்சேன். கொண்டு வந்தது உங்க அப்பா. ரெண்டு பிள்ளைங்களும் கேக்குது, யாருக்குக் குடுத்தாலும் இன்னொண்ணு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும், பொருளே இல்லன்னா சண்டை எங்கேருந்து வரும்னு சிரிச்சார். நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னார். கொஞ்ச நாள்லயே போயிட்டார்னு உங்க தம்பி சொல்லித்தான் தெரியும்."

"அவன் வந்தானா?"

"போன மாசம். அவரும் உங்களை மாதிரியேதான் குமிழைத் திருப்பிப் பார்த்தார். எல்லாத்தையும் சொன்னேன். எங்க அக்கா பல் டாக்டர், என்னைக்காவது கிளப்போட வருவா. நான்தான் வித்தேன்னு சொல்லிடுங்க. எம்மேல கோவப்பட்டு அவளுக்குப் பழகிப்போச்சு, அப்பா மேல வந்தா தாங்க மாட்டாள்னு சொன்னார்."

அவன் சொன்னபடியேதான் நடந்தது. யாரோ ஒரு அந்நியனிடம் தூக்கிக் கொடுத்தாரே என்று அப்பா மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் இல்லாத இடத்தில் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுவரை வைத்திருந்த இடம் தம்பிதான். அதை நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாடிப் படியில் வந்து உட்கார்ந்து, அழிக்காமல் வைத்திருந்த தம்பியின் எண்ணை அழுத்தினாள். உடனே எடுத்தான்.

"அக்கா? யாருக்கு என்ன ஆச்சு?"

சாவு விழுந்தாலொழிய அக்கா தன்னைக் கூப்பிட மாட்டாள் என்றே இருந்திருக்கிறான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லப் பார்த்தாள். அழுகைதான் வந்தது. அது அவனை இன்னும் பயமுறுத்தியது.

"எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லுக்கா. நான் கிளம்பிட்டேன்."