தலைக்கு ஒன்பது

ராகேஷின் வலது கைக்கு இன்னும் பென்சில் பழகவில்லை. பிடித்தால் நடுங்கும், எண்களைக் கட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தி. நகர் வீட்டு மாடி அறையில் அவன் சொல்லச் சொல்ல எழுதும் வேலை அக்கா ஷண்முகப்ரியாவுக்கு வந்தது. தரையில் விரித்திருந்த வரைபடத்தில் காடும் மேடும் ஆறும் அச்சாகியிருந்தன. அதன் ஓரத்தில் விரல் உயரத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் போர் எந்திரங்கள் நின்றன. விபத்துக்குப் பிறகு அவன் ஆடப்போகும் முதல் ஆட்டம். மாலை நான்கு மணிவாக்கில் நண்பன் தௌஃபீக் வருவதாகச் சொல்லியிருந்தான்.

ஆடுவதைவிட எந்திரத்தைக் கட்டுவதுதான் ராகேஷுக்கு எப்போதும் பிடித்த பகுதி. மொத்த எடை ஐம்பது டன். எலும்புக்கூடு, இன்ஜின், பீரங்கி, குண்டு, கவசம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கவசத்தைக் கூட்டினால் வேகம் போகும், இல்லையென்றால் பீரங்கி போகும். எடை மிச்சமிருக்கிறது என்று இஷ்டத்துக்குக் கவசம் பூசவும் முடியாது. கை, கால், மார்பு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. எந்திரம் பெரிதானால் மற்ற உறுப்புகளின் வரம்பும் கூடும். தலைக்கு மட்டும் கூடாது. எவ்வளவு பெரிய எந்திரமாக இருந்தாலும் தலைக்குக் கவசம் ஒன்பது புள்ளிதான். முன்பெல்லாம் இந்தக் கணக்கை அவன் அப்பாவின் கடையில் பாத்திரத்தை எடை போட்டுக்கொண்டே மனசுக்குள் போட்டு முடித்துவிடுவான்.

"தலைக்கு எவ்ளோ போடட்டும்?" என்று கேட்டாள்.

"மூணு போதும்."

"ஒம்பது வரைக்கும் போடலாம்னு நீதானே சொன்ன."

"போடலாம்தான். ஆனா தலையில அடி விழறது அபூர்வம்க்கா. அந்த எடைய குண்டுக்குக் குடு. குண்டு ரெண்டு டன்னு எழுது. டன்னுக்கு அஞ்சு. பத்து தடவ சுடலாம்."

நிதானமாக, ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து அவன் சொன்னான். அவள் மூன்று என்று எழுதினாள். அவன் முகம் கழுவக் கீழே போனான். சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கும் ஓசை கேட்டது.

மூன்று என்ற எண்ணையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டிவாக்கத்தில் ஒரு தோழியின் புதுமனை புகுவிழாவுக்குக் கிளம்பிய, விபத்து நடந்த நாளின் காலை நினைவுக்கு வந்தது. ராகேஷ் இரண்டு கையிலும் இரண்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தான். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் அவளுடைய மாற்றுப் புடவையும் செருப்பும் அடைத்துக் கிடந்தன. பரிசுப் பெட்டியை அவன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். "பின்னால உக்கார்றவனுக்கு எதுக்குடா அது? அங்க போயி எங்க வெக்கிறது? வெச்சிட்டு வா" என்று அவள்தான் சொன்னாள். அவனும் மறுபேச்சில்லாமல் திரும்ப ஏறிப்போய்த் தன்னுடையதை வைத்துவிட்டு வந்தான். விழாவிலிருந்து திரும்பி வரும்போது சாலை ஓரத்து மணலில் ஸ்கூட்டர் சறுக்கியது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனுக்குத் தலையில் அடி; அந்த நாள் முழுவதுமே நினைவிலிருந்து அழிந்துவிட்டது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் அம்மா சுந்தரவல்லி, "நல்லவேள, இவளாவது ஹெல்மெட் போட்டிருந்தா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் ஷண்முகப்ரியா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்தக் காலையில் படியடியில் நடந்த பேச்சு இப்போது உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

ரப்பரை எடுத்து மூன்றை அழித்தாள். ஒன்பது என்று எழுதினாள். எடை ஐம்பதைத் தாண்டியது. குண்டில் ஒரு டன்னைக் குறைத்தாள்; மிஞ்சிய எடையை வரம்பு பார்த்து மார்புக் கவசத்துக்குக் கொடுத்தாள். ஐம்பது டன் சரியாக வந்தது. வெறும் விளையாட்டுத்தானே, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். வெகுநாள் கழித்து நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியதுபோலக்கூட இருந்தது.

தௌஃபீக் ஒரு பொட்டலம் சமோசாவோடு வந்தான். "இன்னா மச்சி, ஃபார்ம்ல கீறியா?" என்று கேட்டுவிட்டு எதிரில் சம்மணம் போட்டான். பகடையை ராகேஷ் இடது கையால் உருட்டினான். சுட்டது, அடிபட்டது எல்லாவற்றையும் ஷண்முகப்ரியா குறித்துக்கொண்டு வந்தாள். தம்பியின் முகத்தில் பழைய கூர்மை மெல்லத் திரும்புவதை அவள் பார்த்தாள். மேட்டுக்குப் பின்னால் ஒளிந்து, தௌஃபீக்கின் எந்திரத்தை ஆற்றுக்குள் இறங்க வைத்து, அதன் ஒரு காலைத் தகர்த்தான். இன்னும் ஓர் அடி சரியாக விழுந்தால் முடிந்தது.

"சுடறேன்" என்று பகடையை எடுத்தான்.

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "குண்டு தீந்துடுச்சுடா."

"எப்படி? இன்னும் அஞ்சு இருக்கணுமே."

"ஒரு டன்னுதான் போட்டிருக்கு."

அவன் அவளைப் பார்த்தான். சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் பார்வை அவளைத் தாண்டி எங்கோ போய், தனக்குள்ளேயே எதையோ தேடியது. உதடுகள் அசைந்தன. ஒரு டன், அஞ்சு. ரெண்டு டன், பத்து.

"அட, அஞ்சு இருக்குன்னே வெச்சுக்கோ மச்சி. நமக்குள்ள இன்னா" என்றான் தௌஃபீக்.

"வேணாம்டா. எழுதுனது எழுதுனதுதான்."

அதற்கப்புறம் ஆட்டம் வெகுநேரம் நீடிக்கவில்லை. தௌஃபீக் வேண்டுமென்றே இரண்டு முறை மோசமான இடத்தில் நின்று பார்த்தான். ராகேஷுக்கு அதுவும் புரிந்துவிட்டது. மார்பு உடைந்து எந்திரம் சாய்ந்தது. ஆட்டம் முழுக்கத் தலையில் ஓர் அடிகூட விழவில்லை. தௌஃபீக் அவன் தோளைத் தட்டி, அடுத்த வாரமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவசரமாகப் படியிறங்கினான். சமோசா அப்படியே இருந்தது.

ராகேஷ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்ல. கணக்கு இன்னும் நிக்கலன்னு சொல்லிடு. எனக்கு ரெண்டு டன்னு சொன்ன ஞாபகம் அவ்ளோ தெளிவா இருக்கு. நான் பாத்தது கேட்டது எது நெசம்னே தெரியல. அப்பாட்டயும் நீயே சொல்லிடு. அடுத்த மாசம் கடைக்கு வரலன்னு."

குரலில் அழுகை இல்லை. தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்ட மனிதனின் அமைதி இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. தான் எண்ணை மாற்றியதைச் சொல்லாமல் கீழே போய்க் காபி போட முடியும், நாளைக்கு டாக்டர் எதிரில் அவன் பக்கத்தில் தலைகுனிந்து உட்காரவும் முடியும் என்று ஒரு கணம் தோன்றியது. தன்னால் அது முடியும் என்பதே அவளுக்கு அச்சமாக இருந்தது.

"நீ ரெண்டுன்னுதான்டா சொன்ன" என்றாள். "நான்தான் மாத்துனேன். நீ கீழ போனப்ப."

"என்னது?"

"குண்ட எடுத்துட்டு தலைக்குப் போட்டேன்."

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். "அப்ப ரெண்டு டன்னு. பத்து குண்டு."

"பத்து."

"அஞ்சு சுட்டேன். அஞ்சு மிச்சம். நான் எண்ணுனது சரி."

"எல்லாமே சரிதான்டா."

அவன் முகம் மலர்ந்தது. கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு, இன்ஜின் எடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் இன்னொரு முறை சத்தமாகக் கூட்டினான். ஓர் இடத்தில் தடுக்கினான், தானே திருத்திக்கொண்டான். அந்தச் சந்தோஷத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"தலையில ஏன்க்கா கை வெச்ச?" என்று கேட்டான். "அதான் மூணு போதும்னேனே."

"ராகேஷ், அன்னிக்கு நாம கெளம்புறப்ப..."

அவள் குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது. அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவன் தாளைத் தன் பக்கம் இழுத்து, ரப்பரை வலது கையில் எடுத்துக்கொண்டிருந்தான். ஒன்பதின் மேல் அழுத்தித் தேய்த்தான். கை நடுங்க, தாள் நழுவி ஓடியது. இரண்டாம் முறையும் ஓடியது.

"புடிச்சுக்கோ" என்றான், நிமிராமலேயே.

அவள் முழங்காலிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் தாளை அழுத்திப் பிடித்தாள். அவன் தேய்க்கத் தேய்க்க அந்த நடுக்கம் தாள் வழியாக அவள் கைகளுக்குள் ஏறியது. மின்விசிறிக் காற்றில் ரப்பர் துகள்கள் பறந்து, அவள் புறங்கைமேல் வந்து வந்து உட்கார்ந்தன.