உறுப்பினருக்கு ஓர் அறை

நேபாளத்தின் புது அரசியல் சட்டத்தில் எங்கள் கர்ணாலிக்கும் ஒரு மாகாண அரசு கிடைத்தது. தலைநகர் சுர்க்கேத். சபைக்குக் கட்டடம் இல்லை, இரவல் மண்டபம். மந்திரிகளின் நாற்காலிகளும் இரவல்தான். முகு மலையிலிருந்து சபை உறுப்பினராக வந்த எனக்கு மட்டும் வாடகைக்குக்கூட ஓர் அறை கிடைக்கவில்லை.

‘அறை காலி’ என்று பலகை தொங்கும். உள்ளே போனால் வாடகையைச் சொல்லும் முன்பே குலப்பெயரைக் கேட்பார்கள். பரியார் என்பேன், தையல்காரச் சாதி, எங்கள் பக்கம் தீண்டாச் சாதி. உடனே ஊரிலிருந்து மருமகன் தங்க வருவது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். அத்தனை மருமகன்களும் வந்திருந்தால் சுர்க்கேத் தாங்கியிருக்காது.

தில்சரா புடாதோகி என்ற மேல்சாதி விதவை மட்டும் எதையும் கேட்கவில்லை. கரண்டு பில் தனி என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பதவியேற்பு. ரேடியோவில் பெயர் வந்தால் விரட்டிவிடுவாள். தெருவில் நின்றுகொண்டு நான் எந்தச் சட்டத்தைச் செய்வது? அவள் வீட்டுக் குழாயைத் தொடப் பயந்து, கடைத்தெருவில் முகம் கழுவிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். உறுதிமொழி சொல்லும்போது குரல் நடுங்கியது. பெருமையில் நடுங்குகிறது என்று பக்கத்தில் இருந்தவர் கைதட்டினார்.

மாலை திரும்பினால் என் மெத்தை முற்றத்தில் கிடந்தது, பக்கத்தில் என் செம்புக் குடம். அவ்வளவுதான் என்று மெத்தையைச் சுருட்டிக் கட்டினேன். குடத்தைத் தூக்கினால் கனத்தது. கழுத்துவரை தண்ணீர்.

தில்சரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஈரமா இருந்துச்சுன்னு மெத்தைய வெயில்ல போட்டேன். அதுக்கு எதுக்கு மூட்டை கட்டுற?”

“அக்கா, ரேடியோ கேட்டீங்களா?”

“கேட்டேன். உன் பேரச் சொன்னப்போ அழுதுட்டேன். எம் புருஷன் பென்ஷனுக்காகக் காட்மாண்டுல ஆபீஸ் வாசல்ல எத்தனை நாள் நின்னிருக்கேன் தெரியுமா? கர்ணாலிக்காரின்னா உள்ளயே விடமாட்டான். இப்ப அரசாங்கமே என் வீட்டுல குடியிருக்கு. அத நான் வாசல்ல நிறுத்துவேனா?”

குழாயைத் தொடவில்லை என்று முணுமுணுத்தேன். நாளையிலிருந்து நீயே பிடித்துக்கொள், நான் என்ன உன் வேலைக்காரியா என்று திட்டினாள்.

எங்கள் ஊரில் தைத்த துணியை வாசலில் நின்றுதான் கொடுப்போம். மேல்சாதி வீட்டு அடுப்படிக்குள் நான் கால் வைத்ததே இல்லை. இந்த மாகாணத்தைத் தந்த அத்தனை பேருக்கும் அப்போது மனசுக்குள் நன்றி சொன்னேன், முதலில் அவளுக்கு. நிலைப்படியிலேயே நின்றேன்.

“டீ ஆறுது. உள்ள வந்து கதவைச் சாத்து, குளிருது.”

சாத்திவிட்டு அடுப்போரம் உட்கார்ந்தேன்.