தாளின் பின்பக்கம்

முடிவெட்டும் லமார் என் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே கேட்டார். "வெண்டல், நம்ம கடைத் தாளு கணக்குல சேந்துச்சா?"

அரிசோனாவின் மின்சாரத்தில் பாதி வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் வர வேண்டும் என்ற தீர்மானத்தை நவம்பர் வாக்குச்சீட்டில் ஏற்றக் கையெழுத்து சேகரித்தோம். ஒவ்வொருவரும் சேகரிப்பவர் கண்ணெதிரே கையெழுத்திட வேண்டும். அப்படித்தான் நடந்தது என்று தாளின் பின்பக்கம் அவர் உறுதிமொழி தர வேண்டும்.

இந்தக் கடைக்குத் தாளோடு வந்த அன்று ஜூன் வெயில் தாங்கவில்லை. தாளை லமாரிடம் கொடுத்துவிட்டு, வெளியே காரில் ஏசியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பதினைந்து வரியும் நிறைந்திருந்தது. பின்பக்கம் உறுதிமொழியில் கையெழுத்திட்டேன்.

மறுநாள் எங்கள் அலுவலகத்தில் தாள்களைச் சரிபார்க்கும் டெனிஸ், "எல்லாரும் உங்க முன்னாடிதானே போட்டாங்க?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்தேன். செல்லாது என்று தாளின் குறுக்கே கோடு போட்டாள். கையெழுத்துகளை ஒப்படைக்கும் கெடுவும் போன வாரத்தோடு முடிந்தது.

"என்னப்பா, பேச்சையே காணோம்?" என்றார் லமார்.

"கார்ல ஏசி போட்டு உக்காந்தே சூரியனுக்கு ஆள் சேத்தவராச்சே, களைச்சுப் போயிருப்பாரு," என்றான் பக்கத்து நாற்காலி கர்ட்டிஸ்.

"சும்மா இருடா," என்று லமார் அவனை அதட்டினார். "எங்கப்பா ஆக்சிஜன் மெஷின இழுத்துக்கிட்டு வந்து போட்ட கையெழுத்து அது."

"சேரல, லமார். தப்பு என்னோடதுதான்," என்றேன்.

கத்தரி நின்றது. எதிரே கண்ணாடி. முகத்தை மூடிக்கொள்ளலாமென்றால் கைகள் துணிக்குள் இருந்தன.