வழியில் நின்ற வண்டி

அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள் சுந்தரி. முதல் முடிச்சு நழுவிவிட்டது. எத்தனையோ முறை கழுவித் துடைத்து எண்ணெய் தேய்த்த கால்கள்தான். இப்போது ஒன்றுக்கொன்று பகையானவை போல விலகி விலகிப் போயின. உயிரோடு இருந்தபோதும் அப்பா சொன்னபடி கேட்டதில்லை.

"இறுக்கிக் கட்டு புள்ள," என்றாள் பக்கத்து வீட்டுப் பாலம்மா. "வெறைச்சிட்டா அப்புறம் சேராது."

அவள் அப்பா கறுப்பையா அன்று விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். பாரிசவாதத்தில் விழுந்தபின் அவருக்கு வலது கை மட்டும்தான் மிச்சம். அந்தக் கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக் கூப்பிடுவார். தண்ணீருக்கும் தட்டு, திரும்பிப் படுக்கவும் தட்டு, ஒன்றுமே வேண்டாமல் சும்மாவும் தட்டு. மலைமேல் ஹந்தானைத் தோட்டத்திலிருந்து இறங்கிக் கண்டி டவுனில் மருந்து வாங்க நிற்கும்போதும் சுந்தரியின் காதில் அது கேட்டுக்கொண்டே இருக்கும். பாதி வரிசையில் திரும்பி ஓடி வந்திருக்கிறாள். நேற்று இரவு தட்டல் இல்லை. அவள் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தபோது, அழுகைக்கு முன்னால் உடம்பு முழுவதும் பாரம் இறங்கியதுபோல ஒரு லேசு ஓடியது. அதை நினைத்தால் இப்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதால் அன்று மாலைக்குள்ளேயே எடுத்துவிடுவது என்று லயத்து வரிசை வீடுகளின் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கொழும்பிலிருந்து அண்ணன் ரவிகுமார் குடும்பத்தோடு மதியத்துக்கு முன்பே வந்து சேர்ந்தான். அப்பாவின் காலடியில் விழுந்து அழுதான். பொய் அழுகை இல்லை. ஆனால் எழுந்து முகத்தைக் கழுவியதுமே வீட்டின் பொறுப்பு அவன் தோளுக்குப் போய்விட்டது. வாசலில் கட்டிய தறப்பாளுக்குக் கீழே கதிரைகளில் உட்கார்ந்திருந்த ஆண்களிடம் அவன் சொன்னது, உள்ளே அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சுந்தரிக்குத் தெளிவாகக் கேட்டது.

"கருமாதி முடிஞ்சதும் சுந்தரிய நாங்க கூட்டிட்டுப் போயிர்றோம். வயசுக்கு வந்த புள்ளைய இங்க தனியா விட்டுட்டுப் போக முடியுமா? அங்கன்னா நம்ம புள்ளைகளப் பாத்துக்கிட்டுப் பாதுகாப்பா இருக்கும்."

"அதானே நல்லது," என்றது ஒரு குரல். மற்றவையும் ஆமோதித்தன. வயதுக்கு வந்த புள்ளைக்கு முப்பத்திரண்டு நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கவலப்படாத. புள்ளைக ரூம்லயே உனக்கும் ஒரு கட்டில் போட்டு வச்சிருக்கேன்."

எப்போது போட்டார்கள்? அப்பா போனது இன்று காலையில்தானே?

எழுந்து போய், "நான் வரல" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனால் சாவு வீட்டில் மகள் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், பேசத்தான் கூடாது. வருகிற திங்கட்கிழமை தெல்தெனியப் பக்கத்தில் ஒரு பால் கம்பனியில் வேலைக்குச் சேர இருக்கிறாள் என்பது அண்ணனுக்குத் தெரியாது. கிராமம் கிராமமாகப் போய்ப் பாலைப் பரிசோதிக்கும் வேலை. சொந்த மோட்டார் சைக்கிள் இருந்தால்தான் தருவார்கள். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பாலம்மா ஒத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகி, அப்பாவிடம் சொல்ல மட்டுமே பாக்கி இருந்தது.

போன வாரம் தவணைக்கு மோட்டார் சைக்கிள் தேர்ந்தெடுத்தது தனிக் கூத்து. கட்டுகஸ்தோட்டையில் ரிஸ்கானின் வண்டிக் கடைக்குப் போனால், அவன் அவளை நேரே ஸ்கூட்டர்களிடம் கூட்டிப் போனான். "லேடீஸுக்கு இதுதான் மிஸ் லேசு."

"எனக்கு லேசு வேணாம். பால் பெட்டியையும் கட்டிக்கிட்டு மேடு ஏறணும்."

சரியென்று ஒரு சிவப்பு வண்டியைக் காட்டினான். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஏறி உட்கார்ந்தால் விரல் நுனிதான் தரையில் பட்டது. கொஞ்சம் சாய்ந்ததும் ரிஸ்கான் பாய்ந்து பிடிக்காவிட்டால் ராஜாவும் அவளும் சேர்ந்தே விழுந்திருப்பார்கள். பிறகு மூலையில் நின்ற கறுப்பு இருநூறு சிசி வண்டியைக் கேட்டாள். சீட் தாழ்வு, பாதம் முழுக்கப் பதிந்தது. ஆனாலும் கனம். தோட்டத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் இரவல் வாங்கிய சின்ன வண்டியில் பழகி லைசன் எடுத்தவளுக்கு அது யானைக்குட்டி.

"இதக் கீழ படுக்க வைங்க," என்றாள்.

"ஏன் மிஸ்?"

"தனியா வர்ற எடத்துல விழுந்தா நான்தானே தூக்கணும்? தூக்க முடியுதான்னு பாக்கிறேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுந்தரி வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். இடுப்பை சீட்டில் முட்டுக் கொடுத்து, கையால் இழுக்காமல் காலால் உந்தி எழுந்தாள். வண்டி நிமிர்ந்து நின்றது. அப்பாவைக் கட்டிலிலிருந்து தினமும் அவள் தூக்குவது அப்படித்தான். சிரித்தவர்கள் வேறு வேலை பார்க்கப் போனார்கள். டவுன் நெரிசலில் ஓட்ட அவளுக்கு இன்னும் பயம் என்பதால், வியாழக்கிழமை தானே மேலே கொண்டுவந்து தருவதாக ரிஸ்கான் சொன்னான்.

இன்றுதான் அந்த வியாழக்கிழமை. கொண்டுவர வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நினைவே வரவில்லை.

மூன்று மணிக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது. கனமான, அடிவயிற்றில் அதிரும் சத்தம். சுந்தரி யன்னல் வழியாகப் பார்த்தாள். லயத்துப் பாதை ரோட்டில் சேரும் இடத்தில், ஹெல்மட்டைக் கழற்றவும் மறந்து நின்றுகொண்டிருந்தான் ரிஸ்கான். தமிழாட்கள் வாங்கும் வண்டிக்கு மாலை போட்டுக் கொடுப்பது அவன் கடை வழக்கம். ஹெட்லைட்டைச் சுற்றிப் பெரிய செவ்வந்தி மாலை தொங்கியது. சாவு வீட்டு வெள்ளைக் கொடிகளை அவன் வளைவு திரும்பிய பிறகுதான் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குள் இரண்டு பேர் போய்விட்டார்கள். "வாங்க தம்பி, வாங்க," என்று மரியாதையாக மாலையைக் கழற்றி வாங்கினார்கள். டவுனிலிருந்து யாரோ கடைக்காரர் மாலையோடு வந்திருக்கிறார், கறுப்பையாவுக்கு எவ்வளவு பழக்கம் பாருங்கள் என்று பேச்சு. ரிஸ்கான் வாயைத் திறக்குமுன் மாலை உள்ளே வந்து அப்பாவின் நெஞ்சில் ஏறிவிட்டது. சுந்தரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது வெளியே வரும்போது அழுகையாக வந்தது.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் ரிஸ்கான் வாசலுக்கு வந்தான். "மன்னிச்சுக்கோங்க மிஸ், எனக்குத் தெரியாது. வண்டி ஒங்கட பேருக்கு எழுதியாச்சு. இப்ப வேணாமெண்டா சொல்லுங்க, காலையில வந்து கொண்டு போறன்." சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தன்னைக் கூட்டிப்போகப் பின்னாலேயே வந்த ஆட்டோவில் ஏறிப் போனான்.

காலையில் கொண்டு போகட்டும். அதுதான் சுலபம். யாருக்கும் எதுவும் தெரியாமலே போய்விடும். சுந்தரி சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

சாவுத் தப்பு முழங்கத் தொடங்கியது. பெட்டியை மூடித் தூக்கினார்கள். கொள்ளிச் சட்டியோடு அண்ணன் முன்னால் நடந்தான். பெண்கள் பாதை முடியும் வரைதான் வரலாம், அதற்கு மேல் மயானத்துக்கு ஆண்கள். ஊர்வலம் பாதை முனைக்குப் போய் நின்றுவிட்டது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தண்ணீர் ஓடும் கான், நடுவில் கறுப்பு வண்டி.

"யாரோட வண்டிப்பா இது? எடுங்க!"

"அந்தக் கடக்காரப் பையன் விட்டுட்டுப் போயிட்டான் போல."

"ஹேண்டில் பூட்டியிருக்கு, உருட்ட ஏலாது."

"நாலு பேர் புடிங்க. தூக்கிக் கான்ல போட்டுட்டுப் போவம். பொணத்த நிப்பாட்டி வைக்கக் கூடாது."

நான்கு பேர் குனிந்தார்கள். பாலம்மா சுந்தரியின் முகத்தைப் பார்த்தாள்.

"அதத் தொடாதீங்க," என்றாள் சுந்தரி.

தப்புச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. விரித்த தலையோடு பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"தொடாதீங்க. என்னோட வண்டி."

தப்பு நின்றது. அண்ணன் திரும்பினான்.

"என்னா சொல்ற?"

"நான் வாங்கின வண்டிண்ணே. திங்கட்கிழம வேலைக்குப் போறேன்."

தலைப்பு முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். பூட்டு திறந்தது. ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, மண்மேட்டோடு ஒட்டி வண்டியைத் தள்ளினாள். அங்கே தரை சரிவு, ஸ்டாண்ட் போட இடமில்லை. விட்டால் பாதையில்தான் விழும். முழங்காலை முட்டுக் கொடுத்து இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் அவளையே பார்த்தபடி நின்றான். சட்டியிலிருந்து புகை அவன் முகத்தில் அடித்தது. அவனாலும் அதைக் கீழே வைக்க முடியாது. பின்னாலிருந்து யாரோ, "நட தம்பி," என்றார்கள். நடந்தான்.

பெட்டி அவள் தோளை உரசுகிற அளவுக்கு நெருங்கி வந்தது. பின்னால் பெண்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்பா தாண்டிப் போகும் வரை சுந்தரி ஹேண்டிலிலிருந்து கையை எடுக்கவில்லை.