குவாரிச் சாலை

சுவரில் வரைபடம் ஒளிர்ந்ததும் அவள் கண் தேடியது தங்கை வாழ்க்கைப்பட்ட சிற்றூரைத்தான். பச்சையாக இருந்தது. பச்சை என்றால் ஒரு மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், அந்த ஊருக்கென்று தனிப் பிரசவ வார்டு தேவையில்லை என்று பொருள். மாநில சுகாதார ஆய்வு மையத்தில் அந்த நிறத்தைத் தீர்மானித்தவளே அவள்தான். வார்டைப் போன மாதம் இழுத்துப் பூட்டிவிட்டார்கள்.

"சுருக்கமாச் சொல்லும்மா," என்றார் இயக்குநர். எதைக் கொண்டுபோனாலும் இதையே சொல்வதால் மையத்தில் அவருக்குப் பெயரே சுருக்கம்தான். பக்கத்தில் துறைச் செயலாளர் வேறு உட்கார்ந்திருந்ததால் மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவள் எழுந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. தங்கையின் கணவர். வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆளே இல்லை. ஜன்னலோரம் ஒதுங்கினாள்.

"அக்கா, இவளுக்கு வலி வந்துடுச்சு. ரத்தம் வேற போகுது. ஆம்புலன்ஸ் மலையச் சுத்தித்தான் வரணுமாம். நீங்க சொன்னீங்களேன்னு ஆட்டோவுல குவாரி ரோட்டுக்கு வந்துட்டோம். இப்ப எல்லாரையும் விடறாங்கன்னு நெனச்சேன். வாட்ச்மேன் கேட்டத் திறக்க மாட்டேங்கிறான்க்கா."

பின்னால் தங்கை முனகுவது கேட்டது.

அந்த ரோட்டில் கேட் ஏது? அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. பயண நேரத்தை அளக்க இதே குவாரி வழியாக மையத்தின் ஜீப்பில் போயிருந்தார்கள். முகப்பில் அரசு என்று எழுதிய வண்டி. தூரத்தில் கண்டதுமே காவலாளி ஓடிவந்து கேட்டைத் திறந்துவிட்டு விறைப்பாக சல்யூட் அடித்தார். வண்டி நிற்கவே இல்லை. நிற்காத இடத்தை யார் கவனிப்பார்கள்? வெட்டுப்பாறையின் நிறத்தை வியந்து பேசிக்கொண்டே போய்விட்டார்கள். வார்டு மூடியதும் கலங்கிய தங்கையிடம், "நானே போய்ப் பாத்தேன்டி, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடலாம்," என்று அடித்துச் சொன்னவளும் அவள்தான்.

"ஃபோன வாட்ச்மேன்கிட்ட குடுங்க."

காவலாளியின் குரல் பணிவாகத்தான் இருந்தது. "குவாரி வண்டியத் தவிர எதையும் விடக்கூடாதும்மா. விட்டா என் வேலை போயிடும். சுத்து வழியாப் போகச் சொல்லுங்க."

"ஐயா, நான் அந்த வழியா வந்திருக்கேன். சுகாதாரத் துறை. எனக்கு நீங்க சல்யூட் அடிச்சீங்களே!"

"வண்டிக்கு அடிச்சிருப்பேம்மா."

அவள் திரும்பினாள். "இந்த ஊர் நல்லா வந்திருக்கு. இதையே வச்சு மத்த ஊர் வார்டுகளையும் முடிச்சுடலாம்," என்று செயலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். இயக்குநரின் கையிலிருந்த லேசரின் சிவப்புப் புள்ளி அந்தப் பச்சையின் மேல் நடுங்கியது.

"சார்..." என்றாள்.

"ம், சுருக்கமா."

காதோடு ஒட்டியிருந்த கைப்பேசியில் ஆட்டோவின் ஹார்ன் விடாமல் அலறியது. அதற்கடியில் இருந்த முனகல் இப்போது கேட்கவில்லை.